அடுப்புக்கும் ஆலைக்கும் ஒரே கணக்கு

செம்பூர் வாஷி நாக்காவில் ஒரு வீடு. பத்துக்குப் பத்து அளவு. மும்பையில் இதைக் 'கோலி' என்பார்கள். இரவு ஏழு மணி. தாய் அடுப்பில் குழம்பு வைக்கிறாள். மகள் பத்தாம் வகுப்பு. தரையில் உட்கார்ந்து அறிவியல் வீட்டுப்பாடம் எழுதுகிறாள்.

தாய் எழுதப் படிக்கக் கற்று இரண்டு வருடம்தான் ஆகிறது. ரேஷன் கடை ரசீதைச் சரிபார்ப்பாள். பஸ் எண்ணை யாரையும் கேட்காமல் பார்த்து ஏறுவாள். ஆனால் மகளின் நோட்டில் இருந்த ஒரு வரி அவளை நிறுத்திவிட்டது. அதில் எழுத்தும் இருந்தது, எண்ணும் இருந்தது, கூட்டல் குறியும் இருந்தது. நடுவில் ஓர் அம்பு.

"என்னடி இது? கணக்கா, பாடமா?"

"ரெண்டும்தாம்மா. இதுக்குப் பேரு சமன்பாடு. கேஸ் அடுப்பு எரியுதுல்ல? அதைத்தான் இப்படி எழுதியிருக்கு."

அந்த வரி இதுதான்:

சிஎச்₄ + 2 ஓ₂ → சிஓ₂ + 2 எச்₂ஓ

பள்ளிப் புத்தகத்தில் இது ஆங்கில எழுத்தில் இருக்கும். இங்கே அதன் ஒலி தமிழில் எழுதப்பட்டிருக்கிறது. 'சி' என்றால் கார்பன், அதாவது கரி. 'எச்' என்றால் ஹைட்ரஜன். 'ஓ' என்றால் ஆக்சிஜன். மூச்சில் இழுக்கும் பிராணவாயு இதுதான். இன்னோர் எழுத்து பின்னால் வரும். அது 'என்', நைட்ரஜன். 'என் வீடு', 'என் பிள்ளை' என்கிற 'என்' அல்ல.

சிஎச்₄ என்பது மீத்தேன் வாயு. மும்பையில் பல வீடுகளுக்குக் குழாய் வழியாக எரிவாயு வருகிறது. இதற்காக மகாநகர் கேஸ் நிறுவனம் 1995-இல் தொடங்கப்பட்டது. அந்த வாயுவில் பெரும்பகுதி மீத்தேன்தான். சிலிண்டரில் வருவது வேறு வாயு. அதன் கணக்கு கடைசியில் வருகிறது.

இப்போது அந்த வரியை வாய்விட்டுப் படியுங்கள். 'ஒரு மீத்தேனும் இரண்டு ஆக்சிஜனும் சேர்ந்தால், ஒரு கார்பன்-டை-ஆக்சைடும் இரண்டு தண்ணீரும் ஆகும்.' அம்புக்குறியை 'ஆகும்' என்று படிக்க வேண்டும். அம்புக்கு இடது பக்கம் இருப்பது உள்ளே போவது. வலது பக்கம் இருப்பது வெளியே வருவது.

எண்களில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். இந்த வரியில் எண் இரண்டு இடத்தில் வருகிறது. முன்னால் பெரிதாக ஒன்று. எழுத்துக்குக் கீழே சிறிதாக ஒன்று. கடையில் இரண்டு பிஸ்கட் பாக்கெட் வாங்குகிறீர்கள். ஒவ்வொரு பாக்கெட்டிலும் நான்கு பிஸ்கட். முன்னால் உள்ள பெரிய எண், எத்தனை பாக்கெட் என்று சொல்கிறது. கீழே உள்ள சிறிய எண், பாக்கெட்டுக்குள் எத்தனை என்று சொல்கிறது. இந்தப் பாக்கெட்டுக்கு மூலக்கூறு என்று பெயர். உள்ளே இருக்கும் பிஸ்கட்தான் அணு. எண் எதுவும் போடாவிட்டால் ஒன்று என்று பொருள்.

2 எச்₂ஓ என்றால் தண்ணீர் மூலக்கூறு இரண்டு. ஒவ்வொன்றிலும் ஹைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜன் ஒன்று. ஆக மொத்தம் ஹைட்ரஜன் நான்கு, ஆக்சிஜன் இரண்டு.

இனி இரு பக்கமும் எண்ணுங்கள். இடது பக்கம் கார்பன் 1, ஹைட்ரஜன் 4, ஆக்சிஜன் 4. வலது பக்கம் கார்பன் 1. ஹைட்ரஜன் 4. ஆக்சிஜன், கார்பன்-டை-ஆக்சைடில் 2, தண்ணீரில் 2, ஆக 4. கணக்கு நேர். அதனால்தான் இதற்குச் சமன்பாடு என்று பெயர்.

கணக்கு ஏன் நேராக வர வேண்டும்? எரியும்போது எந்த அணுவும் அழிவதில்லை. புதிதாக எதுவும் பிறப்பதும் இல்லை. கைகோத்து நின்றவர்கள் கையை விட்டு, வேறு ஆளோடு கோத்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான். விறகு எரிந்தால் சாம்பல் மட்டும் மிஞ்சுகிறதே, மற்றதெல்லாம் அழிந்துவிட்டதே என்று தோன்றும். அழியவில்லை, வாயுவாகப் போயிருக்கிறது. பிரான்சு நாட்டு லவாய்சியே இதை எடை போட்டுக் காட்டினார். மூடிய பாத்திரத்தில் பொருள்களை வைத்துச் சூடாக்கினார். முன்னும் பின்னும் நிறுத்தார். எடை மாறவில்லை. அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அரசருக்காக வரி வசூலிக்கும் கூட்டத்தில் அவரும் ஒரு பங்காளி. வரவு செலவு பார்த்துப் பழகிய கை. அந்த வரி வேலையே அவருக்கு எமனாகவும் வந்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1794-இல், அவர் தலையை வெட்டிவிட்டார்கள்.

சமன்பாட்டைச் சரிசெய்யும்போது ஒரு கட்டுப்பாடு உண்டு. முன்னால் உள்ள பெரிய எண்ணை மாற்றலாம். கீழே உள்ள சிறிய எண்ணைத் தொடவே கூடாது. தொட்டால் பொருளே மாறிப்போகும். எச்₂ஓ தண்ணீர். இன்னோர் ஆக்சிஜன் சேர்த்து எச்₂ஓ₂ என்று எழுதினால் அது ஹைட்ரஜன் பெராக்சைடு, தலைமுடியையும் துணியையும் வெளுக்கும் மருந்து. குடித்தால் வாயும் வயிறும் புண்ணாகும். ஒரு சிறிய எண்தான் வித்தியாசம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதைவிடப் பயங்கரமான வித்தியாசம் ஒன்று பின்னால் வருகிறது.

செம்பூர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு வெறும் புத்தகக் கணக்கு அல்ல. ஊரின் ஒரு பக்கம் முழுவதும் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. டிராம்பே பக்கம் போனால் உயரமான புகைபோக்கிகள் தெரியும். மாகுலில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள். அவற்றுக்குப் பக்கத்தில் உர ஆலை. இந்திய உரக் கழகத்தின் ஆலையாக 1965-இல் அங்கே உற்பத்தி தொடங்கியது. 1978-இல் அந்தக் கழகத்தைப் பிரித்தபோது ராஷ்ட்ரிய கெமிக்கல்ஸ் அண்டு ஃபெர்டிலைசர்ஸ் என்று தனி நிறுவனம் ஆனது. எல்லோரும் சுருக்கமாக ஆர்.சி.எஃப். என்பார்கள். 2014-இல் மோனோ ரயில் விட்டபோது, அங்கே ஒரு நிலையத்துக்கு 'ஃபெர்டிலைசர் டவுன்ஷிப்' என்றே பெயர் வைத்தார்கள்.

அந்த ஆலையில் யூரியா செய்கிறார்கள். யூரியா மூட்டையைக் கிராமத்தில் பார்த்திருப்பீர்கள். வயலுக்குத் தூவும் வெள்ளைக் குருணை. அது எதிலிருந்து வருகிறது தெரியுமா? அடுப்பில் எரிகிற அதே மீத்தேனிலிருந்தும், தண்ணீரிலிருந்தும், காற்றிலிருந்தும்தான். நம்புவது கஷ்டம். ஆனால் நான்கு வரி படித்தால் புரிந்துவிடும்.

முதல் வரி:

சிஎச்₄ + எச்₂ஓ → சிஓ + 3 எச்₂

மீத்தேனையும் நீராவியையும் நல்ல சூட்டில் சேர்க்கிறார்கள். ஹைட்ரஜன் கிடைக்கிறது. கூடவே சிஓ என்று ஒன்று வருகிறது. சிஓ₂ அல்ல, சிஓ. கீழே இருக்க வேண்டிய அந்த 2 இல்லை. இதன் பெயர் கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, மணம் கிடையாது. கடும் விஷம். ஆலையில் இதைக் குழாயைவிட்டு வெளியே விடுவதில்லை. மறுபடி நீராவியோடு சேர்க்கிறார்கள்.

சிஓ + எச்₂ஓ → சிஓ₂ + எச்₂

விஷம் போனது. கார்பன்-டை-ஆக்சைடு ஆனது. இன்னும் கொஞ்சம் ஹைட்ரஜனும் கிடைத்தது. தண்ணீரில் இருந்த ஆக்சிஜன் கார்பனிடம் போய்விட்டது; அதுவரை அதனோடு இருந்த ஹைட்ரஜன் தனியாக வந்துவிட்டது. கையை விட்டு வேறு கை கோப்பது என்பது இதுதான்.

மூன்றாம் வரிதான் பெரிய வரி:

என்₂ + 3 எச்₂ → 2 என்எச்₃

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். பயிருக்கு நைட்ரஜன் வேண்டும். ஆனால் காற்றில் உள்ளதைப் பயிர் நேராக எடுத்துக்கொள்ள முடியாது. பக்கத்திலேயே சோறு இருந்தும் பூட்டிய பானையில் இருப்பதுபோல. இந்த வரி அந்தப் பூட்டைத் திறக்கிறது. ஒரு நைட்ரஜனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்தால் இரண்டு அம்மோனியா ஆகும். எடையும் பார்க்கலாம். 28 கிலோ நைட்ரஜன், 6 கிலோ ஹைட்ரஜன். கிடைப்பது 34 கிலோ அம்மோனியா. ஒரு கிராம் குறையாது, கூடாது.

ஆனால் சமன்பாடு எல்லாவற்றையும் சொல்லிவிடாது. எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம் என்று இந்த வரியில் ஒரு வார்த்தை இல்லை. காகிதத்தில் ஒரு நிமிடத்தில் எழுதிவிடலாம். உண்மையில் நைட்ரஜனும் ஹைட்ரஜனும் லேசில் சேராது. 400 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். நூறு மடங்குக்கும் மேற்பட்ட காற்றழுத்தம் வேண்டும். சேர்த்துவைக்கும் தரகர்போல இரும்புத் துகளும் வேண்டும். இதைச் செய்துகாட்டியவர் ஜெர்மனியின் ஹேபர், வருடம் 1909. பாஷ் என்பவர் 1913-இல் அதைப் பெரிய ஆலையாக்கினார். அவ்வளவு செய்தும் ஒரு சுற்றில் சிறு பங்குதான் அம்மோனியா ஆகும். மீதியை மறுபடி மறுபடி சுற்றவிடுவார்கள்.

நான்காம் வரி:

2 என்எச்₃ + சிஓ₂ → சிஓ(என்எச்₂)₂ + எச்₂ஓ

வலது பக்கம் அடைப்புக்குறி வருகிறது. பயப்பட வேண்டாம். அடைப்புக்குறிக்கு வெளியே உள்ள 2, உள்ளே இருப்பதெல்லாம் இரண்டு தடவை என்று சொல்கிறது. ஆகவே யூரியாவில் நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 4, கார்பன் 1, ஆக்சிஜன் 1. இதை வைத்து ஒரு மூட்டைக்குக் கணக்குப் போடலாம். யூரியா மூட்டை முன்பு 50 கிலோ; இப்போது 45 கிலோ. 45 கிலோ யூரியா செய்ய இருபத்தைந்தரை கிலோ அம்மோனியாவும் 33 கிலோ கார்பன்-டை-ஆக்சைடும் வேண்டும். யூரியாவோடு பதின்மூன்றரை கிலோ தண்ணீரும் வெளியே வரும். இரு பக்கமும் கூட்டிப் பாருங்கள், 58½ கிலோ.

மூட்டையில் 'நைட்ரஜன் 46 சதவீதம்' என்று அச்சடித்திருக்கும். அதுவும் இந்த வரியிலிருந்து வந்த எண்தான். 60 பங்கு யூரியாவில் 28 பங்கு நைட்ரஜன். அதற்கு மேல் எந்த ஆலையாலும் யூரியாவில் நைட்ரஜனை ஏற்ற முடியாது. 'எங்கள் யூரியாவில் 60 சதவீதம் இருக்கிறது' என்று யாராவது சொன்னால், அது பொய் என்று படிக்கத் தெரிந்தவர் சொல்லிவிடுவார்.

ஆலையை விட்டு மறுபடி வீட்டுக்கு வாருங்கள். அங்கே அந்தத் தாய் குழம்புச் சட்டியை இறக்கிவைக்கிறாள். சட்டியின் அடியில் கரி பிடித்திருக்கிறது. இந்தக் கரி எங்கிருந்து வந்தது?

அடுப்பில் ஒரு மீத்தேன் முழுதாக எரிய நான்கு ஆக்சிஜன் அணு வேண்டும் என்று மேலே எண்ணினோம். நான்கு கிடைத்தால் சிஓ₂ வரும். இரண்டு மட்டும் கிடைத்தால்?

சிஎச்₄ + ஓ₂ → சி + 2 எச்₂ஓ

இருந்த ஆக்சிஜனையெல்லாம் ஹைட்ரஜன் எடுத்துக்கொண்டது. கார்பனுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அது கரியாகவே போய்ச் சட்டியில் ஒட்டிக்கொண்டது. சரி, இரண்டும் இல்லாமல் நான்கும் இல்லாமல், மூன்று கிடைத்தால்? அரை மூலக்கூறு கிடையாது என்பதால் எல்லாவற்றையும் இரட்டிப்பாக எழுத வேண்டும்.

2 சிஎச்₄ + 3 ஓ₂ → 2 சிஓ + 4 எச்₂ஓ

எண்ணிப் பாருங்கள். கணக்கு இதிலும் நேர்தான். ஆனால் வலது பக்கத்தில் வந்திருப்பது சிஓ. ஆலையில் குழாய்க்குள் பூட்டிவைத்த அதே விஷம், இங்கே அடுப்பிலிருந்து திறந்த அறைக்குள் வருகிறது. உண்மையில் காற்று குறைந்த அடுப்பில் இந்த மூன்று வரியும் கலந்தே நடக்கும். சுடர் நீலமாக இருந்தால் முதல் வரி. மஞ்சளாக ஆடினால், சட்டியில் கரி பிடித்தால், மற்ற இரண்டும் உள்ளே நுழைந்துவிட்டன என்று பொருள்.

சிஓ ஏன் கொல்கிறது? நம் ரத்தத்தில் இரும்பு இருக்கிறது. மூச்சில் வரும் ஆக்சிஜன் அந்த இரும்பில் ஏறித்தான் உடம்பெல்லாம் போகிறது. சிஓ அந்த இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அதன்பின் ஆக்சிஜனுக்கு இடம் ஏது? ஆலையிலும் சிஓ மிஞ்சினால் அந்த இரும்புத் துகளைக் கெடுத்துவிடும். அதனால் அம்மோனியா செய்யும் முன் துளிகூட இல்லாமல் நீக்கிவிடுகிறார்கள். இரும்பைக் காக்க ஆலை அத்தனை பாடுபடுகிறது. நம் ரத்தத்தை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு காற்று போதும் என்பதையும் கணக்கே சொல்லும். வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ வாயு இருக்கிறது. அது முழுக்க எரிய சுமார் 51 கிலோ ஆக்சிஜன் வேண்டும். எரிந்தபின் சுமார் 43 கிலோ கார்பன்-டை-ஆக்சைடும் 22 கிலோ தண்ணீரும் வரும். சிலிண்டர் காலியாகிறது என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் 65 கிலோ எடை வீட்டுக் காற்றில் கலக்கிறது. பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள அறையில் இருக்கும் ஆக்சிஜன் மொத்தமே சுமார் 8 கிலோ. ஜன்னல் வழியாகப் புதுக் காற்று வந்துகொண்டே இருப்பதால்தான் பிழைக்கிறோம்.

குளியலறை இன்னும் சிறியது. நாலடிக்கு நாலடி, எட்டடி உயரம் என்றால், உள்ளே இருக்கும் ஆக்சிஜன் ஒரு கிலோதான். அங்கே கேஸ் கீசர் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கிறார்கள். 100 கிராம் வாயு எரிந்தாலே 360 கிராம் ஆக்சிஜன் போய்விடும். அது முடிவதற்கு முன்பே சுடர் மாறிச் சிஓ வர ஆரம்பிக்கும். மும்பையில் இப்படிக் குளியலறையில் உயிர் போன செய்தி குளிர்காலத்தில் அவ்வப்போது வருகிறது. கரி அடுப்பும் அப்படித்தான். மும்பையில் இதைச் 'சிகடி' என்பார்கள். குளிருக்காகச் சாத்திய அறையில் கரிக் கங்கு வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காமல் போயிருக்கிறார்கள். இஸ்திரிப் பெட்டிக் கரியை அணையாமல் உள்ளே கொண்டுவைப்பதும் ஆபத்து.

கேஸ் கசிந்தால் நாற்றம் வரும், தெரிந்துவிடும் என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். அந்த நாற்றம், கசிவு தெரிவதற்காக எரிவாயுவில் வேண்டுமென்றே சேர்த்தது. எரியும்போது அதுவும் எரிந்துபோகும். பிறகு வரும் சிஓவுக்கு நாற்றமே இல்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், தூக்கம். இவைதான் அறிகுறி. ஒரே அறையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் சந்தேகப்படுங்கள். உடனே கதவு ஜன்னலைத் திறந்து, அடுப்பை அணைத்து, எல்லோரையும் வெளியே கொண்டுபோங்கள். மயங்கியவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே ஆக்சிஜன் கொடுப்பார்கள். 'பித்தம்' என்று சொல்லிப் படுக்க வைத்துவிடாதீர்கள். கேஸ் கீசர் இருந்தால் குளியலறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் மாட்டச் சொல்லுங்கள். பர்னர் ஓட்டைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள்.

வாஷி நாக்கா வீட்டில் மகள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறாள். கடைசிக் கணக்கு சிலிண்டர் வாயுவைப் பற்றியது. அதில் உள்ள வாயுக்களில் ஒன்று புரோப்பேன்.

சி₃எச்₈ + __ ஓ₂ → 3 சிஓ₂ + 4 எச்₂ஓ

கோடு போட்ட இடத்தில் எந்த எண் வரும்? தாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். வலது பக்கத்து ஆக்சிஜனை விரல்விட்டு எண்ணினாள். மூன்று இரண்டு ஆறு. தண்ணீரில் நான்கு.

"பத்து வருது. ரெண்டு ரெண்டா பாக்கெட்டு. அப்ப அஞ்சு."

மகள் 5 என்று எழுதினாள். தாய் எழுந்து, கொசுவுக்காகச் சாத்தியிருந்த ஜன்னலைத் திறந்துவிட்டு, பர்னரைத் துடைக்கப் போனாள்.